மருந்து கேட்டலும் நோய் கேட்டலும்

எங்கள் கல்லூரியில் இலக்கண வகுப்பொன்றிலே மாணவி ஒருத்தி ஒருநாள் ஒரு வினா எழுப்பினாள். "ஐயா, கடையிலே பொருள் கேட்பதும் கேட்டல். வகுப்பிலே வினாக் கேட்பதும் கேட்டல். பெரியோர் சொல்வதைக் காதாற் கேட்பதும் கேட்டல். மூன்றும் வெவ்வேறு தொழில்கள் அல்லவா? தமிழர் ஏன் மூன்றையும் ஒரே சொல்லாற் சொன்னார்கள்?" என்பது அவள் வினா. ஒரு சொல் பல பொருள் உணர்த்துதல் உண்டு என்ற பொதுவிதியைச் சொல்லி, அன்று வகுப்பை முடித்துவிட்டேன். அவ்விடை அவளுக்கும் திருப்தி தரவில்லை, எனக்கும் தரவில்லை. தக்க விடை ஏட்டிலே கிடைக்கவில்லை. கடல் கடந்த நாட்டிலே, என் தமக்கையார் வீட்டு அடுக்களையில், ஒரு பிஸ்கற் பேணிக்குள்ளே கிடைத்தது. அதனைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற மார்கழி விடுமுறையில் யான் இலண்டன் சென்று நான்கு கிழமை தமக்கையார் வீட்டிலே தங்கியிருந்தேன். ஹரோ, வெம்பிளி, ஈஸ்ற் ஹாம், ரூட்டிங் ஆகிய பகுதிகளில் நம்மவர் பெருந்தொகையினராய் வாழ்வதை வாசகர் அறிவர். தமக்கையாரும் ஹரோப் பகுதியிலே மகள், மருமகன், பேரன் ஆகியோருடன் வாழ்கின்றார். வயது எழுபத்திரண்டு. நீரிழிவு உண்டு, இரத்த அழுத்தமும் உண்டு. ஒருநாட் காலை, பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட பேரன், வாசலிலே நின்று சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே கைத்தொலைபேசியை இரண்டு மூன்று முறை விரலால் தொட்டான். "அம்மம்மா, உங்கடை மருந்து சொல்லியாச்சு" என்றான்; போய்விட்டான். மூன்றாம் நாள் மருந்துக்கடையிலிருந்து பொட்டலம் வீடு தேடி வந்தது.

எனக்கு இது மாயவித்தை போலத் தோன்றியது. நமது நாட்டிலே கிளினிக் நாள் எத்தகையது என்பதை நாம் அறிவோம். விடியற்புறம் எழுந்து, கிளினிக் கொப்பியைப் பையிலே வைத்து, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாங்கிலே இலக்கத் துண்டுடன் காத்திருக்க வேண்டும். வைத்தியர் முகத்தை இரண்டு நிமிடம் கண்டபின், மருந்து கொடுக்கும் யன்னலண்டை மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மாத மருந்துடன் வீடு திரும்பும்போது மத்தியானம் கழிந்துவிடும். மருந்து இலவசந்தான், நாள் இலவசமன்று. கூலித்தொழில் செய்பவனுக்கு ஒரு நாட் சம்பளம் போய்விடும். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு நிலவிய காலத்திலே, கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாற்காரர் வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தனர். அன்று அதை எவ்வளவு பெரிய உபகாரமாகக் கருதினோம்! அந்த உபகாரம் அங்கே அன்றாட வழக்கமாய்விட்டது.

அந்நாட்டு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி, அனூரின் பெவன் சுகாதார அமைச்சராயிருந்த காலத்தில், தேசிய சுகாதார சேவை அங்கே தொடங்கியது. அச்சேவையின் தலைவாயில் குடும்ப வைத்தியர். ஜீ.பி. என்று அங்குள்ள நம்மவர் அவரைச் சொல்வர். இங்கே நாம் பணங் கட்டி விரும்பிய நிபுணரைச் 'சனல்' செய்து காண்கின்றோம். அங்கே அரசாங்க சேவையில் அது பெரும்பாலும் இயலாது. அவசர நோய் போன்ற சில தவிர, விசேட வைத்திய நிபுணரைக் காண்பதற்குக் குடும்ப வைத்தியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். நீடித்த நோய்க்கு அவர் தீர்மானித்த மருந்தையோ, ஒவ்வொரு முறையும் அவரைக் காணாமலே திரும்பத் திரும்பப் பெறலாம்.

முன்னாளிலே, அச்சிட்ட துண்டொன்றில் வேண்டிய மருந்துக்கு எதிரே அடையாளமிட்டு, வைத்திய நிலையத்துப் பெட்டியில் இட்டு வருவார்கள். இன்று அத்துண்டின் வேலையைக் கைத்தொலைபேசி செய்கின்றது. 2019ஆம் ஆண்டிலே பரவத் தொடங்கிய என்.எச்.எஸ். செயலியில், முன்னரே அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். வேண்டியதைத் தொட்டால் கோரிக்கை வைத்திய நிலையத்துக்குப் போகும். அங்கே அனுமதி கிடைத்ததும், மருந்துச் சிட்டை மின்வழியே நாம் குறித்த மருந்துக்கடையைச் சென்றடையும். நிபுணருக்குரிய சிபாரிசும் 2015ஆம் ஆண்டு தொடக்கம் மின்வழி ஏற்பாடொன்றின் மூலமே செல்கின்றது. அன்றியும், 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1ஆந் திகதி முதல், இங்கிலாந்தின் குடும்ப வைத்திய நிலையங்கள் காலை எட்டு மணி முதல் மாலை ஆறரை மணி வரை இணையக் கோரிக்கைகளுக்கு வாயிலைத் திறந்து வைத்திருத்தல் வேண்டும் என்பது ஒப்பந்த விதியாயிற்று. தொலைபேசியிற் பேசுதலும் நேரே செல்லுதலும் அவற்றோடு தொடர்கின்றன.

இவற்றைக் குறைசொல்ல யான் வரவில்லை. வேலையை விட்டுவர இயலாதவர், நடக்க இயலாதவர், தொலைபேசியிலே நெடுநேரம் காத்திருக்கப் பொறுமையற்றவர் எல்லார்க்கும் இது நன்மையே. வரிசை குறைந்தால் வைத்தியருக்கும் நேரம் மிஞ்சும். ஆயினும் மாணவியின் வினாவை இங்கே நினைவுகூர்தல் தகும். கேட்டல் மூன்று: வேண்டுதல், வினாதல், செவிமடுத்தல். நோயாளி வைத்தியர் முன் இருக்கும்போது, நல்ல வைத்தியராயின், மூன்றும் ஒருங்கே நிகழும். நோயாளி மருந்தை வேண்டுகிறான். வைத்தியர் நோயை வினாவுகிறார். அவன் சொல்வதைச் செவிமடுக்கிறார். கைத்தொலைபேசியைத் தொடுவதனால் முதலாவது கேட்டல் நிறைவேறுகின்றது. மற்றை இரண்டும் எங்கே நிகழ்கின்றன? இதனை வினாவாதவர்களுக்கு நேரக்கூடிய தீங்கு யாதென்பதை எங்கள் குடும்பமே கண்டது.

பேணியின் கதை இதுதான். ஒருநாள் பிற்பகல், தேநீருடன் கடிக்க ஏதேனும் உண்டோ என்று பார்க்க அடுக்களை அலுமாரியைத் திறந்தேன். பழைய பிஸ்கற் பேணி ஒன்று கனமாயிருந்தது. திறந்தால் உள்ளே பிஸ்கற் இல்லை. உறை பிரிக்கப்படாத மருந்துப் பெட்டிகள் இருந்தன. ஒரே மருந்து, ஐந்து பெட்டிகள். பெட்டிக்கு இருபத்தெட்டாக, மொத்தம் 140 குளிசைகள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தவை. தமக்கையார் அடுக்களை வாசலிலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உதை நான் போடுறேல்லை. அதைப் போட்டால் எழும்பேக்கை தலை சுத்துது. ஒருநாள் குசினிக்குள்ளை விழப்பார்த்தனான்" என்றார்.

"அப்ப ஏனக்கா டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"ஆர் தம்பி கேட்டவை?"

இந்த மூன்று சொற்களும் என்னை ஊமையாக்கின. ஆர் கேட்டவை? ஒருவரும் கேட்கவில்லை. பேரன் மாதந்தோறும் தவறாமல் மருந்து கேட்டான். மருந்து தவறாமல் வந்தது. மகள் வேலையால் வந்து, "அம்மா, மருந்து வந்ததோ?" என்று கேட்டாள், வந்தது என்ற விடையும் உண்மையே. 'போட்டனீங்களோ?' என்று கேட்டவர் எவருமிலர். இலங்கையிலிருந்து கிழமைதோறும் பேசிய யானும், "சுகமோ அக்கா?" என்று கேட்டு, "சுகம்" என்ற விடையோடு அமைந்தவனே. தமக்கையார் மறைத்ததற்கும் காரணம் உண்டு. "பெடியன் பாவம். படிப்புக்குள்ளையும் எனக்கு மருந்து சொல்லுறான். அவனுக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்?" என்றார். அன்பினாலே மறைத்த உண்மை அது.

இதிலுள்ள அபாயத்தைச் சிலர் உணராதிருக்கலாம். உட்கொள்ளாத குளிசை தீங்கு செய்யாதே என்பர். அந்தக் கிழமையிலேதான் வைத்திய நிலையத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. தாதி அளந்தபோது இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தமையால், இன்னுமொரு மருந்து சேர்ப்பது பற்றி யோசிக்கின்றோம் என்பது அதன் சாரம். வைத்தியர் செய்தது முறையே. அவர் கணக்கில் தமக்கையார் கொடுத்த மருந்துகளையெல்லாம் உட்கொள்கின்றார். ஆகவே கொடுத்தவை போதவில்லை. பொய்யான கணக்கின்மேல் மெய்யான மருந்து ஏறப்போகின்றது. இனி ஒருநாள் மகளோ பேரனோ பேணியைக் கண்டு கடிந்துகொள்ள, தமக்கையார் பயந்து எல்லாவற்றையும் ஒருங்கே உட்கொள்ளத் தொடங்கினால்? ஒன்றைப் போட்டபோதே எழுந்து நிற்க முடியாதவர், எல்லாம் போட்டு எழுந்தால் என்னாகும்? எழுபது வயது கடந்தவருக்கு இடுப்பெலும்பு முறிதல் சிறிய காரியமன்று.

இது எங்கள் வீட்டுக்கு மாத்திரம் உரிய விசித்திரமும் அன்று. நீடித்த நோய்க்கு மருந்து பெறுவோருள், வளர்ந்த நாடுகளிலே கூட, ஏறக்குறைய அரைவாசிப் பேரே விதித்தபடி உட்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறியது. இங்கிலாந்து அரசாங்கம் 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட மீளாய்வொன்று, அங்கே குடும்ப வைத்தியர் வழி வழங்கப்படும் மருந்துகளிற் பத்திலொரு பங்கு வழங்கப்பட்டிருக்க வேண்டியதன்று என்று மதிப்பிட்டது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலையிற் சேர்க்கப்படுவதற்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை, மருந்தின் பாதக விளைவே காரணம் என்றும் அது எடுத்துக்காட்டியது. ஆகவே ஒரு பக்கத்தில் வேண்டிய மருந்து பேணிக்குள் உறங்குகின்றது. மற்றொரு பக்கத்தில் வேண்டாத மருந்து வயிற்றுக்குட் போகின்றது. இரண்டுக்கும் வேர் ஒன்று: கொடுத்தபின் கேளாமை.

இனி, சிபாரிசுக் கடிதத்தின் விஷயம். மருந்தைத் திரும்பப் பெறுவதையும் நிபுணரிடம் அனுப்பும்படி வேண்டுவதையும் ஒரே செயலியில் ஒரே வகையாகச் செய்வதனால், இரண்டும் ஒரு தன்மையன என்று இளைஞர் எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. திரும்பப் பெறும் மருந்து, வைத்தியர் முன்னரே செய்த தீர்மானத்தின் தொடர்ச்சி. சிபாரிசோ புதிய தீர்மானம். என்ன நோய், எவ்வளவு அவசரம், எந்த நிபுணர் என்ற மூன்றும் அதிலே தீர்க்கப்படுகின்றன. முன்னதற்கு ஒரு பெயரைத் தொட்டாற் போதும். பின்னதற்கு நோயின் சரித்திரம் வேண்டும். சரித்திரத்துக்குச் சொல் வேண்டும்.

தமக்கையாருக்குக் காலிலே உபத்திரவம் இருந்தது. பேரன் இணையப் படிவத்தின் கட்டத்திலே ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதி அனுப்பியிருந்தான். தமிழிற் சொன்னால் 'கால் வலி'. எழுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கால் வலி என்றால், படிப்பவர் முழங்கால் தேய்வையே முதலில் நினைப்பார். உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைக் காண்பதற்கு நாள் குறித்துப் பதில் வந்தது. இதிலும் எவர்மீதும் பிழையில்லை. இரண்டு சொல்லுக்கு ஏற்ற விடை அது. ஆனால் தமக்கையார் என்னிடம் சொன்னது வேறு: "கால் விறைச்ச மாதிரி, தம்பி. செருப்புக் கழண்டு போனாலும் தெரியுதில்லை. இரவிலை பாதம் எரியுது." நீரிழிவுள்ள ஒருவர் இப்படிச் சொன்னால் முழங்காலை விட்டுப் பாதத்தின் நரம்புகளைப் பார்த்தல் வேண்டும். பாதம் உணர்வை இழந்தால், முள் குத்தியதும் தெரியாது. புண் பழுத்ததும் தெரியாது. முடிவில் விரலையோ காலையோ இழக்கவும் நேரும்.

விறைப்பு, எரிவு, உளைவு, கடுப்பு, குத்து, இழுப்பு, சுளுக்கு என்று நம் ஊர்க் கிழவியர் நோவை எத்துணை நுட்பமாக வகுத்துச் சொல்வர்! உளைவைக் கடுப்பென்று அவர்கள் மயங்கிச் சொல்வதில்லை. இச்சொற்களிலே நோயின் குறிப்பு அடங்கியிருக்கின்றது. ஆங்கிலத்திலும் இத்தகைய வேறுபாடுகள் இல்லாமலில்லை. மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்னும் அறிஞர், நோவைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, 1975ஆம் ஆண்டு ஒரு வினாக்கொத்தாக வெளியிட்டார். வைத்திய உலகம் அதனை இன்றும் போற்றுகின்றது. நோவின் பெயரே நோய்க்குத் திறவுகோல் என்பதை அந்த மேலைத்தேச அறிஞரும் கண்டனர். அம்மம்மாவின் வாயில் ஏழு சொல் இருக்கின்றது; வைத்திய நூலில் எழுபத்தெட்டு இருக்கின்றது; இடையிலே நின்ற பேரன் கையில் ஒன்றுதான் இருந்தது. அவன் கெட்டிக்காரன், பல்கலைக்கழகத்திலே கணிதம் படிக்கின்றான். விறைப்பு என்ற சொல்லை அவனுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே.

தவறான சிபாரிசினால் நேரும் நட்டம் காலத்தின் நட்டமுமாகும். நிபுணர் சிகிச்சை பதினெட்டு வாரத்துக்குள் தொடங்குதல் வேண்டும் என்பது இங்கிலாந்தில் வகுத்த இலக்கு. 2016ஆம் ஆண்டின் பின் பல்லாண்டுகளாக அது எட்டப்படவில்லை. தவறான வரிசையில் நிற்பவன் அதன் முடிவுக்கு வந்தபின், சரியான வரிசையின் வாலிலே மறுபடியும் போய் நிற்க வேண்டும். புற்றுநோய் என்று ஐயுறும் நோயாளருக்கு விரைவான வழி அங்கே உண்டு. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதல், 28 நாளுக்குள் உண்டு இல்லை என்று தெரிவித்தல் வேண்டும் என்பது நியமம். அந்த விரைவு வழியில் ஒருவரை அனுப்புவதா என்பது, மெலிவையும் இரத்தத்தையும் கட்டியையும் பற்றி அவர் சொல்லும் ஒரு சொல்லினால் தீர்மானிக்கப்படலாம். கட்டத்துள் அந்தச் சொல் விடுபட்டால், வழியும் விடுபடும்.

இவ்விடத்திலே ஒரு வைத்தியரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். வேல்ஸ் நாட்டில் கிளின்கொறக் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்திலே யூலியன் ரியூடர் ஹார்ட் என்பவர் நீண்டகாலம் குடும்ப வைத்தியராயிருந்தார். வைத்திய உதவி எவர்க்கு அதிகம் தேவையோ அவர்க்கே அது குறைவாகக் கிடைக்கின்றது என்ற கருத்தை, 'லான்செற்' சஞ்சிகையில் 1971ஆம் ஆண்டு எழுதி உலகறியச் செய்தவர் அவரே. எழுதியதோடு அவர் அமையவில்லை. இரத்த அழுத்தம் வெளியே தெரியாத நோய்; நோயாளி தானாக வந்து கேட்கமாட்டான். ஆகவே 1960களின் இறுதியிலிருந்து, தம் பொறுப்பிலிருந்த கிராமத்தவரை எல்லாம், கேட்டு வந்தவர் வராதவர் என்று பாராமல், ஒவ்வொருவராய் அளந்து பார்த்தார். கேளாதவரிடம் தாமே போய்க் கேட்ட வைத்தியர் அவர். இணைய வாயில் கேட்கத் தெரிந்தவனுக்கு விரைந்து திறக்கின்றது. ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவுக்கும், கைத்தொலைபேசி இல்லாத கிழவருக்கும், 'ஆர் கேட்டவை?' என்று மௌனமாயிருப்பவர்க்கும் அது திறந்திருந்தும் பூட்டியதே. ஹார்ட் எழுதிய கருத்து இன்று புதிய உருவத்தில் நம்முன் நிற்கின்றது.

பண்டிதர் பழமையைப் போற்றுகின்றார், இயந்திரத்தை வெறுக்கின்றார் என்று சிலர் நகைக்கலாம். எங்கள் குடும்பத்தின் இடுக்கண் தீர்ந்தது அதே இயந்திரத்தினாலே என்பதையும் சொல்லிவிடுகின்றேன். அன்றிரவு பேரனை அருகிருத்தித் தமக்கையார் சொன்னதை யான் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் எழுதினான். இந்தக் குளிசையை ஐந்து மாதமாக அவர் உட்கொள்ளவில்லை, உட்கொண்டபோது எழுந்து நிற்கையில் தலை சுற்றியது, ஒருமுறை விழப்பார்த்தார், இரு பாதங்களும் விறைத்திருக்கின்றன, இரவிலே எரிகின்றன, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். ஆறு செய்தி, ஆறு வாக்கியம். அதே கட்டம், அதே செயலி. அடுத்த நாளே தொலைபேசி மணி அடித்தது.

2020ஆம் ஆண்டு முதல், பல மருந்து உட்கொள்வோரின் மருந்துகளை ஒவ்வொன்றாக ஆராயும் விரிவான மீளாய்வு அங்கே குடும்ப வைத்திய சேவையின் ஓர் அங்கமாயிருக்கின்றது. அதற்கு நாள் குறித்தார்கள். மருந்தாளர் அரைமணி நேரம் இருந்து கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழி தமிழாக்கினார். அதற்குக் கட்டணம் இல்லை. தமக்கையாரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது அது விழுவதைக் கண்டு, வைத்தியர் அந்தக் குளிசையை நிறுத்தி வேறு ஒழுங்கு செய்தார். தாதி ஒருவர் மெல்லிய நைலோன் இழையாற் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரிகின்றதா?" என்று கேட்டார். பல இடங்களில் தமக்கையார் தெரியவில்லை என்றார். பாதச் சிகிச்சைப் பிரிவுக்குச் சிபாரிசு போயிற்று. 140 குளிசைகளும் அழிப்பதற்காக மருந்துக்கடைக்குத் திரும்பின.

ஆகவே வாயில் பழையதா புதியதா என்பதன்று பிரச்சினை. நமது கிளினிக்கிலே நேரே போய் இருந்தாலும், வைத்தியர் கொப்பியைப் பார்த்து "அதே மருந்தோ?" என்று வினாவ, நாம் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தால், அங்கும் முதலாவது கேட்டல் மாத்திரமே நிகழ்ந்ததாகும். நம் ஊர் அலுமாரிகளிலும் பேணிகள் உண்டு. வாசகர் இன்றிரவே தத்தம் வீட்டில் திறந்து பார்க்கலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென்று வகுக்கின்றது: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர். நான்காமவரையும் மற்றை மூவரோடு ஒப்ப எண்ணியது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இன்று அந்த நான்காமவர் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பேரப்பிள்ளையே. வைத்தியர் முகத்தை நோயாளி மாதந்தோறும் காணாத இக்காலத்திலே, அவருடைய கடமை முன்னையிலும் பெரிதாயிற்று. மருந்து சொல்வதற்கு முன் பழைய பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மிஞ்சினால் ஏனென்று கேட்க வேண்டும். கடிந்து கேட்டால் உண்மை பேணிக்குட் போய்விடும். நோவைப் பற்றி எழுதுமுன், நோயாளியின் வாய்ச்சொல்லை அப்படியே கேட்டு, எங்கே, எப்போது, எவ்வகை என்று முழுமையாக எழுத வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் மருந்துகள் அனைத்தையும் மீளாய்வு செய்யும்படி வேண்டுதலும் அவர் கடனே. சொல்லிலே தீராத நோயாயின், கட்டத்தை விட்டு ஆளை நேரே அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே ஒரு பங்கு உண்டு. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் வார இறுதிப் பள்ளிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அங்கே பழம், பூ, மிருகம், நிறம் ஆகியவற்றின் பெயர்களைக் கற்பிக்கின்றோம்; நன்று. விறைப்புக்கும் உளைவுக்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரு பாடமாகக் கற்பித்தால் என்ன? யானையின் பெயர்கள் பத்தை அறிந்த பிள்ளை, தன் அம்மம்மாவின் நோவின் பெயரை அறியாதிருத்தல் கல்வியாகுமோ? தமிழ் எதற்குப் பயன்படும் என்று வினாவும் பிள்ளைக்கு, இதனினும் நேரான விடையை யான் அறியேன்.

திரும்பி வந்தபின், முதல் வகுப்பிலேயே அந்த மாணவிக்கு விடை சொன்னேன். வேண்டுதலும் வினாதலும் செவிமடுத்தலும் ஒன்றையொன்று பிரியலாகா. பிரிந்தால் மூன்றும் பழுதுபடும். ஆதலாற்போலும் தமிழர் மூன்றுக்கும் ஒரே சொல் வைத்தனர் என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "ஐயா, கேள் என்பதற்கு உறவு என்றும் ஒரு பொருள் நிகண்டில் உண்டே" என்றாள்.

யான் மறந்துபோனதை அவள் நினைவூட்டினாள். கேளாதவன் கேள் ஆகான்.